ஏரியின் கதை சொல்லும் கோடு!

கம்ப்யூட்டரில் மூன்றே வரியில் "கிராப்" வரையலாம்

சென்னையில் குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அதில் ஒரு பகுதி செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வருகிறது. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழியில் இந்த ஏரி இருக்கிறது. கரையில் நின்று பார்த்தால், எதிர்க் கரை லேசில் தெரியாது. கடல் போல விரிந்து கிடக்கும்.

ஏரியின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் என்றால் 10 லட்சம். ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். ஏரிக்குப் பக்கத்திலேயே குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உண்டு. 2007-ல் திறக்கப்பட்ட அந்த நிலையம், நாள் ஒன்றுக்கு 53 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சக்தி கொண்டது.

இந்த ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது? எவ்வளவு வருகிறது? எவ்வளவு போகிறது? சென்னைக் குடிநீர் வாரியம் இவற்றை நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. பத்திரிகைகளிலும் வருகிறது.

ஆனால், எண்களைப் பார்த்தவுடன் நம்மில் பலருக்குக் கண்ணைக் கட்டுகிறது. "இது படித்தவர்கள் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம்.

அந்த எண்களையே ஒரு கோடாகப் போட்டுக் காட்டினால்? பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும். பாட்டிக்கும் புரியும். அந்தக் கோட்டுக்குத்தான் "கிராப்" என்று பெயர்.

ஏழு எண்கள்

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். இது உதாரணத்துக்காகச் சொல்லும் கணக்கு. உண்மையில் நடந்தது அல்ல.

ஏரியில் திங்கட்கிழமை 17 அடி தண்ணீர். செவ்வாய் 17½ அடி. புதன் 18 அடி. வியாழன் 18½ அடி. வெள்ளி 20 அடி. சனி 22 அடி. ஞாயிறு 23 அடி.

படித்தீர்களா? ஏழு எண்கள். படித்து முடிப்பதற்குள் முதல் எண் மறந்து போயிருக்கும்.

இப்போது கட்டம் போட்ட காகிதம் ஒன்றை எடுங்கள். அடியில் ஏழு கிழமைகளையும் வரிசையாக எழுதுங்கள். இடது பக்கத்தில் கீழிருந்து மேலாக அடிக் கணக்கை எழுதுங்கள். ஒவ்வொரு கிழமைக்கும் நேர் மேலே, அன்றைய அடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். நம் பெண்கள் கோலத்துக்கு வைப்பார்களே, அதே புள்ளிதான். பிறகு புள்ளிகளை வரிசையாகச் சேர்த்து விடுங்கள்.

என்ன தெரிகிறது? திங்கள் முதல் வியாழன் வரை கோடு மெல்ல ஏறுகிறது. நாளுக்கு அரை அடிதான். வியாழக்கிழமைக்குப் பிறகு மாடிப்படி போலச் செங்குத்தாக ஏறுகிறது. "ஏதோ நடக்கிறது. மழை பலத்துவிட்டது. ஏரி நிரம்பப் போகிறது" என்று ஒரே பார்வையில் புரிகிறது.

எண் சொன்னது ஏழு செய்தி. கோடு சொன்னது ஒரே செய்தி. ஆனால், அதுதான் முக்கியமான செய்தி!

உயிர் காக்கும் கோடு

இது விளையாட்டு அல்ல. உயிர் பிரச்சினை.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வானம் பிளந்து கொட்டியது. 2-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது.

29 ஆயிரம் கன அடி என்றால் எவ்வளவு? விநாடிக்கு 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் 68 லாரித் தண்ணீர்! வரத்தே இல்லாமல் இந்த வேகத்தில் போனால், நிரம்பிய ஏரி முழுவதும் 35 மணி நேரத்தில் காலியாகி விடும்.

அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேர்ந்தது. வழியெங்கும் பெய்த மழைத் தண்ணீரும் கூடியது. ஆறு கரை மீறியது. வீடுகள் மூழ்கின. அந்தப் பருவத்தின் மழை வெள்ளத்தில் மாண்டவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஏரியைத் திறந்த முறையைக் குறை கூறி, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் தமிழ்நாடு சட்டசபையில் வைக்கப்பட்டது.

நான்கு ஆண்டுக்குள் காட்சி தலைகீழாக மாறியது. 2019-ம் ஆண்டு கோடையில் இதே ஏரி வறண்டு, தரை வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். முதல் ரெயில் ஜூலை 12-ந் தேதி சென்னைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 2020 நவம்பர் 25-ந் தேதி, "நிவர்" புயல் நெருங்கிய வேளையில் ஏரி நிரம்பும் நிலைக்கு வந்து மதகுகள் திறக்கப்பட்டன.

2015-ல் உச்சி. 2019-ல் அடிமட்டம். 2020-ல் மறுபடியும் உச்சி. ஐந்து ஆண்டுகளில் சென்னை பட்ட பாடு முழுவதும் ஒரே கோட்டில் அடங்கி விடுகிறது!

ஒரிசா வெள்ளத்தில் நடந்தது

வெள்ளத்தையும் கணக்கையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். அவர் பெயர் பி.சி.மகாலனோபிஸ். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவியவர்.

1926-ல் ஒரிசாவில் பெரிய வெள்ளம் வந்தது. "ஆற்றின் அடிமட்டம் உயர்ந்து விட்டது. கரையை இன்னும் பல அடி உயர்த்த வேண்டும்" என்று என்ஜினீயர்கள் கூறினார்கள். மகாலனோபிஸ் ஏறக்குறைய 60 ஆண்டு மழைக் கணக்கையும் ஆற்றுக் கணக்கையும் எடுத்து வைத்து ஆராய்ந்தார். அடிமட்டம் உயரவில்லை என்று கண்டார். கரையை உயர்த்துவதை விட, மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவதே வழி என்றார். பின்னாளில் மகாநதியில் ஹிராகுட் அணை எழுந்தது. 1957-ல் பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார்.

பழைய எண்களைத் தூசி தட்டி ஒழுங்காக அடுக்கிப் பார்த்ததன் பலனைப் பார்த்தீர்களா?

பேனா பிடித்த இயந்திரம்

கிராப் இன்று நேற்று வந்தது அல்ல. 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நாட்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கைக் கோடாகவும் பட்டையாகவும் வரைந்து புத்தகம் போட்டார். 1801-ல் அப்பம் வெட்டுவது போல வட்டத்தைப் பங்கு போட்டும் காட்டினார். 1858-ல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், போரில் காயத்தால் இறந்தவர்களை விட நோயால் இறந்தவர்களே அதிகம் என்று படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார்.

இவை எல்லாம் கையால் வரைந்தவை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1959-ல் அமெரிக்காவில் "கால்காம்ப்" என்ற கம்பெனி, உருளையில் சுற்றிய காகிதத்தில் பேனாவால் கோடு இழுக்கும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஆனால், அதை வேலை வாங்குவது லேசாக இல்லை. "பேனாவை இந்த இடத்துக்குக் கொண்டு போ. கீழே வை. அந்த இடம் வரை இழு. தூக்கு" என்று ஒவ்வோர் அசைவையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கைப்பிள்ளையை நடத்திச் செல்வது போலத்தான்!

மூளை டாக்டர் தந்த கொடை

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்து வைத்தவர்களில் ஒருவர் ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. இவர் மூளையைப் பற்றி ஆராய்ந்தவர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் ஓடும் மின்சார அலைகளைக் கம்ப்யூட்டரில் கோடாகப் பார்க்க வேண்டிய அவசியம் இவருக்கு ஏற்பட்டது. விலை கொடுத்து வாங்கும் சாதனங்கள் இருந்தன. அவை இவருக்குப் போதவில்லை. தாமே எழுதத் தொடங்கினார்.

எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழியில். பைத்தான் என்றால் மலைப்பாம்பு. ஆனால், பாம்புக்கும் இந்த மொழிக்கும் சம்பந்தம் இல்லை! இதை உருவாக்கிய நெதர்லாந்து நாட்டுக்காரர் குய்டோ வான் ராசம், "மான்டி பைத்தான்" என்ற டெலிவிஷன் நகைச்சுவை நிகழ்ச்சியின் ரசிகர். அந்தப் பெயரையே மொழிக்கு வைத்து விட்டார். 1991-ல் இந்த மொழி வெளிவந்தது.

ஜான் ஹன்டர் எழுதிய சாதனத்தின் பெயர் "மேட்பிளாட்லிப்". 2003-ல் அதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. "எடுத்துக் கொள்ளுங்கள், குறை இருந்தால் திருத்துங்கள்" என்று விட்டு விட்டார். ஊர் கூடித் தேர் இழுப்பது போல, பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள்.

2012-ல் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது ஜான் ஹன்டர் காலமானார். அவருக்கு வயது 44. ஆனால், அவர் நட்ட மரம் நிழல் தருகிறது. 2019-ல் விண்வெளியில் "கருந்துளை"யின் முதல் படத்தை உலகம் பார்த்து வியந்ததே, அந்த ஆராய்ச்சியிலும் இந்த இலவசச் சாதனம் பயன்பட்டது.

மூன்றே வரி!

இப்போது கிராப் வரைவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்.

முதல் வரி, கூப்பிடும் வரி. "இம்போர்ட்" என்ற சொல்லைப் போட்டு, மேட்பிளாட்லிப்பைத் துணைக்கு அழைக்கிறோம்.

இரண்டாவது வரி, வரையும் வரி. "பிளாட்" என்று எழுதி, அடைப்புக்குள் கிழமைகளையும் அடிகளையும் கொடுக்கிறோம்.

மூன்றாவது வரி, காட்டும் வரி. "ஷோ" என்று எழுதினால் போதும். கோடு கண் முன்னே வந்து நிற்கும்!

கூப்பிடு, வரை, காட்டு. இவ்வளவுதான் ரகசியம். "பிளாட்" என்பதற்குப் பதில் "பார்" என்று எழுதினால் பட்டைப் படம். "பை" என்று எழுதினால் வட்டப் படம். அதற்கு அளவுகளை மட்டும் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் பாடத்திட்டத்தில் இது இடம் பெற்று விட்டது. 2019-ல் வெளிவந்த 12-ம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், கோட்டுப் படம், பட்டைப் படம், வட்டப் படம் மூன்றையும் பைத்தானில் வரைய ஒரு பாடமே உண்டு. தமிழ் வழியில் படிக்கும் மாணவ-மாணவிகளுக்கும் அது கிடைக்கிறது. கம்ப்யூட்டர் வீட்டில் இல்லையா? கைப்பேசியின் இணையத்திலேயே பைத்தானை ஓட்டிப் பார்க்கும் வசதிகளும் இருக்கின்றன.

அழகு செய்வது எப்படி?

மூன்று வரியில் வந்த கோடு, பொட்டு வைக்காத முகம் போல வெறிச்சென்று இருக்கும். அதற்கும் வழி உண்டு.

"ஸ்டைல்" என்று ஒரு வரி சேர்த்தால் பின்புறம், கட்டம், நிறம் எல்லாம் ஒரே வீச்சில் மாறும். மைக்கேல் வாஸ்கம் என்பவர் உருவாக்கிய "சீபார்ன்" என்ற துணைச் சாதனமும் உண்டு. அதைச் சேர்த்தால் இன்னும் குறைந்த வரிகளில் இன்னும் லட்சணமான படம் வரும்.

ஆனால், அழகு என்பது வர்ணத்தை வாரி இறைப்பது அல்ல. இந்த ஐந்தையும் மனத்தில் வையுங்கள்:

1. தலைப்பு வேண்டும். "செம்பரம்பாக்கம் ஏரி நீர்மட்டம்" என்று எழுதினால்தான் பார்ப்பவருக்குப் புரியும்.

2. அளவு வேண்டும். இடது பக்கம் இருப்பது அடியா, மீட்டரா, கன அடியா? எழுதாவிட்டால் படம் ஊமை.

3. பட்டைப் படம் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். நேற்று 20 அடி, இன்று 22 அடி என்று வையுங்கள். பட்டையை 18-ல் இருந்து தொடங்கினால், நேற்றைய பட்டை 2 பங்கு, இன்றையது 4 பங்கு. தண்ணீர் இரு மடங்காகி விட்டது போல் தோன்றும்! இது பார்ப்பவரை ஏமாற்றுவது.

4. எல்லைக்கோடு போடுங்கள். 24 அடியில் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்று இழுத்து விட்டால், ஆபத்துக்கு எவ்வளவு தூரம் என்று குழந்தை கூடச் சொல்லும். அதற்கும் ஒரே வரிதான்.

5. நிறத்தில் கவனம் தேவை. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்கள் உண்டு. பெண்களை விட ஆண்களிடம் இந்தக் குறை அதிகம். வானவில்லின் ஏழு நிறத்தையும் அடுக்குவது முன்பு வழக்கமாக இருந்தது. அது கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டு, கரு ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும் "விரிடிஸ்" என்ற நிற வரிசையை 2015-ல் உருவாக்கினார்கள். 2017-ல் வந்த மேட்பிளாட்லிப்பின் இரண்டாம் பதிப்பில் அதுவே இயல்பான நிறவரிசை ஆயிற்று.

தமிழுக்கு ஒரு தொல்லை

தலைப்பைத் தமிழில் எழுதினால் சில நேரம் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். இந்தச் சாதனத்தோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படிச் செய்தாலும் பல பதிப்புகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். கொம்பு இடம் மாறி விடும்! "செம்பரம்பாக்கம்" என்ற பெயரில் முதல் எழுத்தே "செ". கொம்பு முன்னால் நிற்க வேண்டும். அது பின்னால் போய் நின்று கொள்ளும். நம் எழுத்தைச் சேர்க்கும் முறை அந்தச் சாதனத்துக்குத் தெரியாததே காரணம். ஊரின் பெயரைச் சரியாக எழுதாத படத்தை ஊரார் எப்படி நம்புவார்கள்? இது யார் வேண்டுமானாலும் திருத்த உதவக்கூடிய இலவசச் சாதனம். தமிழ் இளைஞர்களுக்கு இது ஒரு நல்ல வேலை!

தொழிற்சாலையிலும் கோடு

ஏரியைத் தாண்டி மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். கார், லாரி, கண்ணாடி, கைப்பேசி என்று பலவும் உருவாகும் தொழில் பூமி. அங்கேயும் கோடுதான் ஆட்சி செய்கிறது.

ஒரு கம்பியின் கனம் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று வையுங்கள். மணிக்கு ஒரு முறை அளந்து புள்ளி வைக்கிறார்கள். மேலே ஓர் எல்லைக்கோடு. கீழே ஓர் எல்லைக்கோடு. புள்ளிகள் நடுவிலே ஆடினால் கவலை இல்லை. ஒரே பக்கமாக ஏறிக் கொண்டே போனால், "இயந்திரம் தேய்கிறது, கவனி" என்று அர்த்தம். பொருள் கெடும் முன்பே தெரிந்து விடும்.

இந்த முறையை 1924-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி வால்டர் ஷூவார்ட். அவர் 1947-48-ல் இந்தியாவுக்கும் வந்தார். அவரை அழைத்தது யார்? மகாலனோபிஸ் நிறுவிய புள்ளியியல் நிலையம்தான்!

அடி வேறு, அளவு வேறு

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுலபமாக வரைந்து விட்டோம் என்பதற்காக, வரைந்தது எல்லாம் உண்மை ஆகி விடாது.

ஏரி ஒரு தட்டுப் போன்றது. அடியில் குறுகல், மேலே அகலம். அடியில் ஓர் அடி ஏறினால் கொஞ்சம் தண்ணீர். உச்சியில் ஓர் அடி ஏறினால் ஏராளமான தண்ணீர். ஆகவே 12 அடி இருந்தால் பாதி ஏரி நிரம்பி விட்டது என்று எண்ணினால் தவறு. பாதிக்கும் குறைவாகவே இருக்கும். அடிக்கு ஒரு கோடும், கொள்ளளவுக்கு ஒரு கோடும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கையும் கம்ப்யூட்டரும் கோடு போடும். எதைப் போடுவது என்று மூளைதான் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே தொடங்கலாம்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிக்கும்போது, ஏரியின் அளவைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால், "இதைக் கோடாகப் போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கோடு படுத்துக் கிடந்தால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். செங்குத்தாக ஏறினால், அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் ரேஷன் கார்டையும், பள்ளிச் சான்றிதழையும், மருந்துச் சீட்டையும் உயரமான இடத்தில் எடுத்து வையுங்கள். அரசாங்க அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஏரி வாய் திறந்து பேசாது. ஆனால், நாளுக்கு ஒரு புள்ளி வைத்து வந்தால், அது சொல்ல வந்ததை முன்கூட்டியே தெரிந்து கொள்ளலாம்.